குமுளியிலோ மூணாறிலோ வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடப் போகிறீர்களா?

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சீசனில் ரூமுக்கு என்ன கிடைக்கும்?" என்பதுதான். ரூமை விடுங்கள், நிலத்தின் காகிதத்தைப் பாருங்கள்.

இந்த ஊர்கள் இருக்கும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பெரும்பகுதி அரசு ஒதுக்கிக் கொடுத்த பட்டய நிலம். 1964 நில ஒதுக்கீட்டு விதிகளில் கொடுத்தது ஒரு வகை. 1977 ஜனவரி 1-க்கு முந்தைய குடியேற்றங்களுக்கு 1993 விதிகளில் கொடுத்தது இன்னொரு வகை. பெரும்பாலும் விவசாயத்துக்கும் குடியிருக்கவும் கொடுத்ததுதான். பத்திரம் எத்தனை கை மாறினாலும் அந்த நிபந்தனை கூடவே வரும். பதிவாகிவிட்டதே, நிலவரி கட்டிய ரசீது இருக்கிறதே என்று நம்பி அட்வான்ஸ் கொடுப்பதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். 2023-இல் நிறைவேறிய நில ஒதுக்கீட்டுத் திருத்தச் சட்டம் நிபந்தனை மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்த வழி திறந்தது. வழி திறந்ததால் நீங்கள் பார்க்கும் வீடு தானாகச் சரியாகிவிடாது. விற்பவர் அப்படித்தான் சொல்வார். அட்வான்ஸுக்கு முன் மூலப் பட்டயத்தின் நகலை வாங்கி, எந்த விதியில், எந்தத் தேவைக்கு ஒதுக்கியது என்று வில்லேஜ் ஆஃபீஸில் ஒத்துப் பாருங்கள். மூணாறை அடுத்த பள்ளிவாசல், சின்னக்கானல் ஊர்கள் பக்கம் என்றால் இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

அடுத்தது ஹோம்ஸ்டே. கேரளச் சுற்றுலாத்துறை டயமண்ட், கோல்டு, சில்வர் என்று தரம் பிரித்துச் சான்று தருகிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். அறைகள் ஆறுக்கு மேல் கூடாது. தேனியில் இருந்துகொண்டு வாட்ச்மேனை வைத்து நடத்துவது இந்தக் கணக்கில் சேராது. ஆள் குடியிருக்காத வீட்டுக்கு சர்வீஸ்டு வில்லா என்று தனித் திட்டம் இருக்கிறது, அதில் விண்ணப்பிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் பஞ்சாயத்துக் கண்ணில் அது லாட்ஜ்தான். 2019 கட்டட விதிகளில் ஏ1 என்ற குடியிருப்பு வகையை, தங்கும் விடுதிக்கான ஏ2-ஆக மாற்ற வேண்டும். பழைய வீடுகள் பார்க்கிங்கிலும் மாடிப்படி அகலத்திலும் அடிபடும். சரிவில் கட்டிய வீட்டுக்குப் பார்க்கிங் இடம் எங்கிருந்து வரும்?

வரி பெரிய தலைவலி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு ரூ.7,500 வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்து நீங்கள் பதிவு செய்யாவிட்டாலும், ஆப் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்த ஆப் நிறுவனமே ஜிஎஸ்டி கட்டிவிடும். பான் எண்ணை மட்டும் ஆப்பில் சரியாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் வாடகையில் 0.1% பிடிக்க வேண்டிய டிடிஎஸ் (முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 5% ஆகிவிடும்.

வெளிநாட்டுக்காரர் ஒரே ஒரு இரவு தங்கினாலும், வந்த 24 மணி நேரத்துக்குள், சி ஃபார்ம் என்று பழகிப்போன வெளிநாட்டு விருந்தினர் விவரப் படிவத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். தேக்கடிக்கும் மூணாறுக்கும் வருகிறவர்களில் இவர்கள் நிறைய. லாகின் ஊரில் இருக்கும் உங்கள் கையில், பாஸ்போர்ட் வாட்ச்மேன் கையில் என்றால் இது தவறும். விசா பக்கத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அன்றிரவே அனுப்ப அவரைப் பழக்குங்கள். சாவி கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். காலையில் கேட்டால் ஆள் போட்டிங் போயிருப்பார்.