திருக்கை, கெளுத்தி குத்தினால்: வெந்நீரிலிருந்து எக்ஸ்ரே வரை

காசிமேட்டில் வலை பிரிக்கும்போதும் எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும்போதும் நாங்கள் அதிகம் பார்ப்பது கெளுத்தி முள்ளும் திருக்கை முள்ளும்தான். இரண்டுக்கும் முதலுதவி ஒன்றே.

கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளை ஒட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. விறைத்துக்கொண்டால் மூன்றும் மடங்காமல் பூட்டிக்கொள்ளும், செத்த பிறகும் அப்படியே நிற்கும். விஷம் முள்ளைப் போர்த்திய தோலில் இருப்பதால் ஐஸில் கிடந்த மீன் குத்தினாலும் கடுக்கும். திருக்கையின் வால் முள்ளில் ரம்பப் பல் பின்னோக்கி இருக்கும். உள்ளே போகும்போது சுலபமாகப் போய், வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும். அதன் மேலுறை துண்டு துண்டாகக் காயத்துக்குள்ளேயே தங்கிவிடும்.

குத்தியவுடன் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழிமுகத் தண்ணீர் வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். மேலாகத் தெரியும் சிறு முள்ளை இடுக்கியால் எடுக்கலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் கை வைக்கவே கூடாது. முள்தான் அங்கே ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கும். அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

கையிலோ காலிலோ என்றால் உடனே வெந்நீர். இந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுப்போகும். தண்ணீர் 45 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. படகில் தெர்மாமீட்டர் ஏது? கொதிக்கும் தண்ணீர் ஒரு சொம்பு, சாதாரணத் தண்ணீர் நான்கு சொம்பு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். குத்துப்பட்ட இடத்தில் வலி மட்டுமே தெரியும், சூடு தெரியாது. அதனால் குத்துப்படாத கையை விட்டுப் பார்த்துத்தான் முக்க வேண்டும். இதைத் தவறவிட்டவர்களின் காலில் முள் காயத்தைவிடக் கொப்புளம்தான் ஆற நாளாகிறது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். தண்ணீர் ஆறினால் காலை வெளியே எடுத்துவிட்டுச் சூடு சேருங்கள். கால் உள்ளே இருக்கும்போது கொதிநீரை ஊற்றாதீர்கள். பெரும்பாலும் வலி நன்றாகவே இறங்கும். எடுத்ததும் திரும்பக் கடுத்தால் மறுபடி முக்குங்கள்.

கயிறு இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, சுண்ணாம்பு, டீசல் எதுவும் வேண்டாம். ஐஸ் வைத்தால் மரத்துப்போகும், ஆனால் விஷம் கெடாது.

வலி போனதும் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் கடலுக்குப் போய்விடுகிறார்களே, அங்கேதான் விரல் போகிறது. உள்ளே ஒரு துண்டு இருந்தால் மேலே மூடி, அடியில் சீழ் கட்டும். ஆழமான குத்து என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எந்த மீன், எந்தத் தண்ணீர், எத்தனை மணிக்கு, சர்க்கரை உண்டா, கல்லீரல் கோளாறு உண்டா என்பதை நீங்களே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஆணி குத்திய காயமாகப் பார்த்துக் கட்டி அனுப்பிவிடும் இடங்களும் உண்டு. எக்ஸ்ரே கேளுங்கள். அதில் தெரியாத சிறு துண்டு சில சமயம் ஸ்கேனில் தெரியும். டிடி ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட வேண்டும். இந்தக் காயத்தை உடனே தைத்து மூடுவது நல்லதல்ல. கழுவித் திறந்து வைத்து, பிறகு தைப்பதே வழக்கம். உப்புத் தண்ணீரில் வாழும் விப்ரியோ கிருமி சர்க்கரைக்காரர்களையும் கல்லீரல் கெட்டவர்களையும் மிக வேகமாகத் தாக்கும். சிவப்பு மேலே ஏறினாலோ, கருநீலக் கொப்புளம் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ நடுராத்திரியானாலும் கிளம்புங்கள். மூச்சுத் திணறல், மயக்கம், முகவீக்கம் வந்தால் வெந்நீருக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கழிமுகத்தில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்தபடி நடந்தால் திருக்கை விலகிப் போகும். வலையில் வந்த கெளுத்தியின் மூன்று முள்ளையும் முதலில் குறடால் ஒடித்துவிடுங்கள். வெட்டிய திருக்கை வாலை முள்ளோடு தளத்தில் போட்டு வைக்காதீர்கள், அதை மிதித்துக் குத்துப்படுகிறவர்கள் ஏராளம். வீட்டுக்குக் கெளுத்தி வாங்குகிறவர்கள் மீன் வெட்டும் அக்காவிடமே முள்ளை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.