முதுகலைச் சமூகவியல்: முதல் பருவக் குறிப்புகள்

ஜூலை 14, 2025

செவ்வியல் கோட்பாடுகள், ஆய்வு முறைகள், இந்தியச் சமூகம், ஊரகச் சமூகவியல் ஆகியவை இந்தப் பருவத்தின் முக்கியத் தாள்கள். வகுப்பில் பலருக்குக் குடிமைப் பணித் தேர்வே இலக்கு. சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தால் பாடத்திட்டம் சிறியது, பொதுத் தாள்களுக்கும் கைகொடுக்கும் என்ற கணக்கில் வந்திருக்கிறார்கள். அதனால் பல்கலைக்கழகத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் டெல்லிப் பயிற்சி மையங்களின் குறிப்புகள்தான் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை நான்கு வரியில் முடித்துவிடும் அந்தக் குறிப்புகளில், அந்த மனிதர் ஏன் அவ்வளவு சுற்றி வளைத்து எழுதினார் என்பது மட்டும் கிடைக்காது.

முதல் வகுப்பில் அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959-இல் எழுதிய எடுத்துக்காட்டைப் பேராசிரியர் சொன்னார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு வேலையில்லை என்றால் அவருடைய குணத்தையும் திறமையையும் ஆராயலாம். ஐந்து கோடித் தொழிலாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லை என்றால், அதற்கான காரணத்தைத் தனிமனிதர் எவரிடமும் தேடிப் பயனில்லை. "அந்த ஒன்றரைக் கோடியை எண்ணியது யார் சார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். வகுப்பு சிரித்தது. பேராசிரியரோ, அதை ஆய்வு முறைகள் வகுப்பிலும் மறக்காமல் கேட்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 6

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைம் 1897-இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வு. முழுக்க முழுக்க ஒருவரின் அந்தரங்கமாகத் தோன்றும் செயலுக்கும் சமூகக் காரணங்கள் உண்டு என்று எண்களைக் கொண்டு காட்ட முயன்ற நூல் அது. பிரெஞ்சு நீதித்துறையின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த கப்ரியேல் தார்த், டர்க்கைமுடன் கொள்கை அளவில் கடுமையாக மோதியவர். அவர் தந்த கோப்புகளிலிருந்துதான் டர்க்கைமின் சகோதரி மகன் மார்செல் மோஸ் ஏறத்தாழ 26,000 மரணங்களை வயது, பாலினம், மணநிலை, குழந்தைகள் உண்டா என்ற வரிசையில் பிரித்துக் கொடுத்தார். நூலின் வாதத்தைவிட மோஸ் செய்த இந்தக் குமாஸ்தா வேலை எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

ஆனால் கோப்பில் இருப்பதை எழுதியவர் ஓர் அதிகாரி. நம் நாளிதழ்களில் வாரந்தோறும் "தீராத வயிற்றுவலி" என்ற காரணம் அச்சாகிறது. இது அந்தக் குடும்பம் காவல் நிலையத்தில் சொன்னது. சந்தேக மரணங்களுக்காகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படி நீண்ட காலம் நடந்துவந்த விசாரணையில், வீட்டு மானம், பிரேதப் பரிசோதனை குறித்த தயக்கம், பெண்ணின் புகுந்த வீட்டாரோடு எஞ்சியிருக்கும் உறவு ஆகிய அனைத்துக்கும் பாதகமில்லாத பதில் அதுதான். பிறகு அது அட்டவணையில் "நோய்" என்ற பத்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டர்க்கைமின் எண்கள் மீதும் இதே ஐயத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 22

ஊரகச் சமூகவியலில் கில்பர்ட் ஸ்லேட்டர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான இவர், 1916-இல் தம் மாணவர்களிடம் வினாநிரல் ஒன்றைக் கொடுத்துக் கிராமங்களை ஆராய அனுப்பினார். தென்னார்க்காட்டில் இருவேல்பட்டு, இராமநாதபுரத்தில் வடமலைபுரம், திருநெல்வேலியில் கங்கைகொண்டான், தஞ்சையில் பாலக்குறிச்சி, வடார்க்காட்டில் தூசி முதலிய ஊர்களின் நிலம், பயிர், கடன், கூலி பற்றிய விவரங்கள் 1918-இல் நூலாயின. இந்த ஊர்கள் அதோடு விடப்படவில்லை. 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுஆய்வு நடத்தினார்கள்; இருவேல்பட்டுக்கு ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008-இல் போனார்கள். ஒரு பெரும் நிலவுடைமைக் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊரில், அந்தப் பிடி தளர்ந்ததையும், தலித் மக்கள் வெளிவேலைகளால் அந்நிலத்தை நம்பியிருக்கத் தேவையில்லாத நிலைக்கு நகர்ந்ததையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு ஒரே ஊரைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களுக்கே வாய்த்திருக்கிறது. இதை நம் பள்ளிப் பாடநூல்களில் நான் படித்த நினைவே இல்லை.

1916-இல் கல்லூரி வரை எட்டியவர்கள் பெரும்பாலும் எந்தத் தெருவினர் என்று யோசித்தால், அந்த முதல் விவரங்களைத் திரட்டிய கண்கள் யாருடையவை என்பதும் விளங்கும்.

ஆகஸ்ட் 23

அதே 1916-ஆம் ஆண்டு மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் சாதியைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். அகமணமே, அதாவது சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடிப்பதே, சாதியின் உயிர்நிலை என்பதும், அதைக் காக்கவே உடன்கட்டையும் கைம்மையும் குழந்தை மணமும் வந்தன என்பதும் அவர் வாதம். பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்று அத்தனை தெளிவாகச் சொன்ன கட்டுரையை, எங்கள் கோட்பாட்டுத் தாளில் சேர்க்காமல் இந்தியச் சமூகம் தாளின் கடைசி அலகில் வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை.

செப்டம்பர் 12

சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948-இல் மைசூர்ப் பகுதியில் ராம்புரா என்று பெயர் மாற்றி எழுதிய ஊரில் தங்கினார். 1970 ஏப்ரலில் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவர் ஒழுங்குபடுத்தி எழுதிய களக்குறிப்புகளின் மூன்று படிகளும் எரிந்துபோக, நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதி 1976-இல் வெளியிட்டார். ஊர்த் தலைவரின் ஆதரவில், அவருக்குச் சொந்தமான மாட்டுக் கொட்டகை வீட்டில் தங்கியிருந்ததால் ஊரின் மேல்தட்டுப் பார்வையே தமக்கு அதிகம் கிடைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. இன்னொரு சமூகவியலாளர் ஆந்த்ரே பெதேய் 1961-62-இல், "ஸ்ரீபுரம்" என்று பெயர் மாற்றி எழுதிய தஞ்சை மாவட்டத்து ஊரில் அக்கிரகாரத்திலேயே தங்கினார். அக்கிரகாரம், குடியானத் தெருக்கள், சேரி என்று பிரிந்திருந்த ஊரில், சாதியும் நிலமும் அதிகாரமும் முன்பு ஒரே கையில் குவிந்திருந்து பின்னர் வெவ்வேறு கைகளுக்குப் பிரிவதை நுட்பமாகக் காட்டினார். அக்கிரகாரத்து விருந்தாளி நினைத்தபோதெல்லாம் சேரிக்குள் போய் உட்கார முடியாது என்பதையும் பதிவு செய்தார். ஆய்வாளர் எங்கே சாப்பிட்டுத் தூங்கினார் என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் நூல்களை நான் கூடுதலாக நம்புகிறேன்.

அக்டோபர் 11

செங்கல்பட்டு மாவட்டத்தில் களப்பயிற்சி; ஊர்ப் பெயரை மரபுப்படி விட்டுவிடுகிறேன். ஊர்த்தெருவில் உள்ள பள்ளிக் கட்டடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். ஊராட்சித் தலைவர் வீட்டிலிருந்து வீடுகளின் பட்டியலோடு ஒருவர் வந்து, "காலனிப் பக்கம் கடைசில பாத்துக்கலாம்மா" என்றார். எங்கள் குழுவில் சிறிது வாக்குவாதத்துக்குப் பிறகு, இரு அணிகளாகப் பிரிந்து இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் தொடங்குவது என்று முடிவாயிற்று. காலனியில் முதல் வீட்டில், நான் வினாநிரலைத் திறப்பதற்குள் அங்கிருந்த பாட்டி கேட்டார்: "யாரு வூட்லம்மா தங்கியிருக்கீங்க?" பள்ளியில் என்றதும்தான் பாய் விரித்தார்.

அக்டோபர் 13

இரண்டு கறவை மாடுகள் உள்ள வீடு. கணவர் ஒரகடத்தில் காவலாளி வேலைக்குப் போகிறார். "நீங்க என்ன வேலை செய்யறீங்கக்கா?" என்று கேட்டதற்கு, "நான் வேலைக்கெல்லாம் போறதில்ல பாப்பா, வீட்டோடதான்" என்றார். தேசிய மாதிரி ஆய்வின் குறியீட்டில் அது 92, அதாவது வீட்டு வேலை மட்டும். காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, நேற்று எழுந்தது முதல் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். விடிவதற்கு முன்பே சாணி அள்ளி, தீவனம் காட்டி, பால் கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு பால் சங்கத்துக்குப் போய், கொழுப்பும் எஸ்என்எஃப்பும் (கொழுப்பல்லாத திடப்பொருள்) பார்த்து எழுதித் தரும் சீட்டை வாங்கி வந்திருக்கிறார். மாலையில் மறுபடியும் அதே. தண்ணீர் கலந்ததாகச் சொல்லி விலையைக் குறைத்தவரோடு சண்டையும் போட்டிருக்கிறார். விற்பனைக்காக மாடு வளர்ப்பது அதே ஆய்வின் இலக்கணப்படியே தொழில். ஆனால் சங்க உறுப்பினர் அட்டையில் கணவர் பெயர்.

முதல் பதிலோடு எழுந்து வந்திருந்தால் ஓர் உழைப்பாளி கணக்கிலிருந்து விழுந்திருப்பார். 2019-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகக் காட்டியது; முந்தைய நாளை நேரம் நேரமாகக் கேட்டதால் கிடைத்த எண்கள் அவை.

நவம்பர் 7

தரவுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. சலிப்பூட்டுவது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஆய்வேட்டுத் தலைப்பு மட்டும் உருவாகிவிட்டது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 1931-க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதிகளும் பதிவாக இருக்கின்றன. விவாதம் முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது, நடக்கவும் வேண்டும். ஆனால் அதே படிவத்தில் பெண்ணின் தொழிலைப் பற்றிய கேள்விக்கு வாசலில் பதில் சொல்லப்போவது யார், எண்ண வரும் ஆசிரியர் இன்னொரு கேள்வி கேட்பாரா என்பதை யாரும் பேசவில்லை. நான் அதை எடுத்துக்கொள்ள நெறியாளர் சம்மதித்தார். ஊரை மாற்ற வேண்டாம், பால் சங்கத்திலிருந்தே தொடங்கு என்றார். உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்கச் சங்கச் செயலாளர் சனிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறார், பால் ஊற்றி முடித்த பிறகு.