பம்பாயில் பிறந்த வங்கி, ஹாங்காங்கில் வெளியான நோட்டு

நோட்டு சேகரிப்பவர்களில் பெரும்பாலோர் புழங்கிய நோட்டுகளையே தேடுகிறார்கள். எனக்கு விருப்பமெல்லாம் 'ஸ்பெசிமன்' எனப்படும் மாதிரி நோட்டுகளின் மேல்தான். உண்மை நோட்டை ஒத்துப் பார்ப்பதற்காக அச்சிட்டு வைத்த, ஒரு நாளும் கைமாறாத நோட்டுகள் அவை. அவற்றிலும் மத்திய வங்கிகளின் மாதிரிகளை நான் தேடுவதில்லை. ஒரு வட்டாரத்துக்குள் மட்டும் செல்லுபடியான நோட்டுகளைத் தம் சொந்தப் பெயரில் வெளியிட்ட வணிக வங்கிகளின் மாதிரிகளையே சேர்த்து வருகிறேன். மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு ஹாங்காங்கின் பழைய வங்கிகளை ஏன் துரத்துகிறாய் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்கு விடை நம் மும்பையிலேயே இருக்கிறது.

1853-இல் இந்த ஊரில் தொடங்கப்பட்டது மெர்க்கன்டைல் வங்கி. அதே ஆண்டில் லண்டனில் அரச சாசனம் பெற்ற சார்ட்டர்ட் வங்கி 1858-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கிளை திறந்தது. பிற்காலத்தில் இவ்விரண்டின் பெயரும் ஹாங்காங் நோட்டுகளில் அச்சாயின. ஆனால் அவை காலூன்றி வளர்ந்த இந்தியாவில் நோட்டு வெளியிடும் உரிமை அவற்றுக்குக் கிட்டவில்லை. காரணம், 1861-இல் நிறைவேறிய காகித நாணயச் சட்டம். அது நோட்டு வெளியிடும் உரிமையை முழுவதுமாக அரசின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அச்சட்டத்துக்கான திட்டத்தை முன்வைத்தவர் 1860-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை அளித்த ஜேம்ஸ் வில்சன். சார்ட்டர்ட் வங்கியை நிறுவியவரும் அவரே. சட்டம் நிறைவேறுவதைக் காண்பதற்குள் 1860 ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் அவர் இறந்துபோனார். தாம் நிறுவிய வங்கியின் நலனைவிட நாட்டின் நாணய ஒழுங்கைப் பெரிதாக நினைத்த அவரை நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

அச்சட்டத்துக்கு முன்பு இங்கே நோட்டு வெளியிட்டவற்றுள் முக்கியமானவை வங்காள வங்கி, 1840-இல் தோன்றிய பம்பாய் வங்கி, 1843-இல் தோன்றிய சென்னை வங்கி ஆகிய மூன்றும். சென்னை வங்கியின் நோட்டில் தாமஸ் மன்றோவின் உருவம் இருந்தது. பம்பாய் வங்கியின் நோட்டில் இருந்த டவுன் ஹால் இன்றும் ஹார்னிமன் சர்க்கிளின் எதிரே அப்படியே நிற்கிறது. இந்த நோட்டுகள் ஏலத்துக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் என்னைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டாத விலைக்குப் போகும்.

மாதிரி நோட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு வருகிறேன். வணிக வங்கியின் நோட்டு என்பது அந்த வங்கி பட்ட கடன். கொண்டுவந்து நீட்டுபவருக்குப் பணம் கொடுத்ததும் நோட்டை வாங்கி ரத்து செய்து அழித்துவிடுவார்கள். வங்கி நாணயமாக நடந்துகொள்ள நடந்துகொள்ள அதன் நோட்டுகள் உலகத்திலிருந்து மறைந்துகொண்டே போகும். சில வரிசைகளில் இன்று எஞ்சியிருப்பவை அச்சகத்தின் கோப்புகளிலும் கிளைகளின் பெட்டகங்களிலும் கிடந்த மாதிரிகள் மட்டுமே. வெளிநாட்டு வங்கி ஒன்றின் மும்பை ஃபோர்ட் பகுதிக் கிளையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாட்டுங்கா மாமா ஒருவரிடம் என் ஆல்பத்தைக் காட்டியபோது, "இது கையெழுத்துப் புக்கு மாதிரிதான் தம்பி. டிராஃப்ட்ல இருக்கற கையெழுத்தை எப்படிப் புக்கோட ஒத்துப் பார்ப்போமோ, அப்படி நோட்டை ஒத்துப் பார்க்கறதுக்கு அனுப்பி வெச்சது" என்றார். மாதிரி நோட்டின் பயனை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

என்னிடம் இருப்பவற்றில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது சார்ட்டர்ட் வங்கியின் ஹாங்காங் நோட்டு ஒன்றின் மாதிரி. தலைக்கவசம் அணிந்த வீரனின் முகம், வரிசை எண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் பூஜ்யங்கள், குறுக்கே சிவப்பு மையில் 'ஸ்பெசிமன்' என்ற ஆங்கில எழுத்துகள், கையெழுத்து விழவேண்டிய இடத்தில் சிறு துளை. திருப்பினால் இரு மூலைகளிலும் பழுப்பேறிய பசைத் தடம் தெரியும். எப்போதோ ஒரு பதிவேட்டில் ஒட்டி வைத்திருந்ததன் அடையாளம் அது. நோட்டின் நிலையைப் பார்த்துத் தரம் பிரிக்கும் கிரேடிங் செய்பவர்கள் இதைக் குறையாக எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசைத் தடம் இந்த நோட்டு எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு விற்பதைத்தான் குறை என்று எழுத வேண்டும்.

ஏமாற்று வேலையும் இதில் உண்டு. மலிவான புழக்க நோட்டில் ரப்பர் முத்திரை குத்தி மாதிரி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்தால் முத்திரை மை காகித நார்களின் வழியே கசிந்து பரவியிருக்கும். அச்சகத்தில் விழுந்த எழுத்தின் ஓரமோ கத்தரித்ததுபோல் இருக்கும். வழக்கமான வரிசை எண்ணோடு வரும் மாதிரிகளும் உண்மையில் உண்டு என்றாலும், அப்படி ஒன்று வந்தால் முதலில் சந்தேகப்படுவதே நல்லது. 1990-இல் நோட்டு அச்சிடும் நிறுவனமான அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி தன் ஆவணக் காப்பக நோட்டுகளை நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றது. அதுவரை யாரும் கண்ணால் பார்த்திராத பல மாதிரிகள் அப்போது சேகரிப்பாளர்களின் கைக்கு வந்தன. அந்த வழியில் வந்தவற்றுக்குப் பழைய ஏல அட்டவணை ஒரு பிறப்புச் சான்றாக உதவும்.

வணிக வங்கி நோட்டு முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. ஹாங்காங்கில் 3 வங்கிகளும் ஸ்காட்லாந்தில் 3 வங்கிகளும் இன்றும் தம் பெயரில் நோட்டு வெளியிடுகின்றன. இங்கிலாந்தில் மட்டும் 1921-இல் ஃபாக்ஸ் ஃபௌலர் என்ற சாமர்செட் வங்கியோடு அந்த வழக்கம் முடிந்தது.

பாதுகாப்பில் நம் ஊர் மழைக்காலம்தான் பெரிய சோதனை. பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து மையை இழுத்துக்கொள்ளும் என்பதால் நான் பாலியெஸ்டர் உறையையே வாங்குகிறேன். ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைப்பதில்லை.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது மெர்க்கன்டைல் வங்கியின் 1974 தேதியிட்ட 100 டாலர் நோட்டின் மாதிரி. 1959-இலேயே ஹாங்காங் ஷாங்காய் வங்கியின் கைக்குப் போய்விட்ட பிறகும் பழைய பெயரோடு வந்த நோட்டு அது. இதைப் படிப்பவர்களின் வீட்டுப் பெரியவர் யாரேனும் அந்த வங்கியின் பம்பாய்க் கிளையில் வேலை பார்த்திருந்தால், பழைய டிரங்குப் பெட்டியில் சுற்றறிக்கைகளோடு இப்படி ஏதாவது கிடக்கிறதா என்று ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இருந்தால், தயவுசெய்து தண்ணீர் தொட்டுப் பிரித்தெடுக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் தாளோடு அப்படியே வைத்திருந்து தெரிவியுங்கள். விற்க மனமில்லாவிட்டாலும், நேரில் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன்.