தேர்தல் முறையை மாற்றச் சொல்லும் கட்சிகளின் கணக்கு

ஒரே கட்சி வேட்பாளர்கள் தமக்குள்ளேயே மோதும் விருப்பு வாக்குச் சண்டை ஒழிய வேண்டும், தொகுதிக்குப் பொறுப்பான ஓர் உறுப்பினர் வேண்டும், ஆட்சி நிலையாக இருக்க வேண்டும். இலங்கையில் தேர்தல் முறை மாற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்த மூன்று காரணங்களும் மேடை ஏறிவிடும். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தக் கட்சி எந்த முறையை ஆதரிக்கும் என்று அறிய அவை உதவாது. அதற்கு அந்தக் கட்சியின் வாக்குகள் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றனவா, நாடு முழுக்கச் சிதறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

முன்பு இருந்தது, தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்லும் முறை. அதில் 1970-இல் ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 38 வீத வாக்கு எடுத்தது. சுதந்திரக் கட்சி எடுத்தது அதைவிடச் சற்றுக் குறைவு. ஆசனங்களோ 17-க்கு 91! (கூட்டணிக்காரருக்கு விட்டுக்கொடுத்ததால் சுதந்திரக் கட்சி எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.) 1977-இல் காற்று மாறி அடித்தது. ஐ.தே.க. 51 வீதத்துக்கு 168-இல் 140-ஐ அள்ளியது. சுதந்திரக் கட்சிக்கு 30 வீத வாக்கு இருந்தும் எட்டே எட்டு ஆசனம். வடக்கிலும் கிழக்கிலும் வாக்குக் குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 வீதத்தைக்கூட எட்டாமல் 18 பெற்றது. கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இவ்வளவு வாரிக் கொடுத்த முறையை ஐ.தே.க. தலைவர் ஜே.ஆர். ஜயவர்தன ஏன் 1978-இல் கைவிட்டு, வாக்கு வீதப்படி ஆசனம் பகிரும் விகிதாசாரத்துக்குப் போனார்? அள்ளிய கையாலேயே இழக்கவும் நேரும் என்பது 1970-இல் பட்ட பாடம். தோற்றாலும் 38 வீதம் கையில் இருக்கும் கட்சிக்கு விகிதாசாரம் நல்ல காப்புறுதி. அடுத்து வருபவர் மூன்றில் இரண்டு பெற்றுத் தன் அரசியலமைப்பைக் கிழித்துப்போடாமல் இருக்கவும் அது உதவும். அதே வேளை, பழைய முறையில் கிடைத்த பெரும்பான்மையை அவர் விட்டுவிடவில்லை. 1982 சர்வசன வாக்கெடுப்பால் அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார். புதிய முறையில் முதல் பொதுத் தேர்தல் நடந்தது 1989-இல்.

ஒரே முறைக்குள்ளும் சிறு திருகாணிகள் உண்டு. வெட்டுப்புள்ளி, அதாவது மாவட்டத்தில் ஆசனம் பெற எட்ட வேண்டிய குறைந்த வாக்கு, முதலில் 12.5 வீதமாக இருந்தது. சிதறிய வாக்குள்ள கட்சிக்கு அது பெருஞ்சுவர். 1988 டிசம்பரில், ஜனாதிபதித் தேர்தலின் வாசலில், 15-ஆம் திருத்தம் அதை 5 வீதமாக இறக்கியது. கேட்டவர் முஸ்லிம் காங்கிரஸின் அஷ்ரஃப். அந்த ஆதரவு தேவைப்பட்டவர் ஐ.தே.க. வேட்பாளர் பிரேமதாச.

இன்னொரு திருகாணி போனஸ் ஆசனம். மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் முதலிலேயே போய்விடும். 5 வீதத்துக்குக் கீழே நின்றவர்களின் வாக்கைக் கழித்து, மீதியை எஞ்சிய ஆசனங்களால் வகுப்பார்கள். 2024 யாழ்ப்பாணத்தில் 6 ஆசனம். போனஸ் போக 5. வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 48 ஆயிரம் வாக்கு. தேசிய மக்கள் சக்திக்கு 80 ஆயிரத்துச் சொச்சம், தமிழரசுக் கட்சிக்கு 63 ஆயிரத்துச் சொச்சம். இரண்டுக்கும் முழுதாக ஒவ்வோர் ஆசனம். மிச்சமான மூன்றும் பெரிய மீதிக்குப் போகும்: தே.ம.ச.வின் மீதி 32 ஆயிரத்துக்கு மேல், ஆகவே அதற்கு இன்னொன்று. தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வொன்று. தமிழரசின் மீதி 15 ஆயிரம் என்பதால் அது ஒன்றோடு நின்றது. கால் பங்கு வாக்கோடு பாதி ஆசனம் இப்படித்தான் வந்தது. போனஸை எடுத்துவிடு என்று யார் கேட்பார், யார் கேட்கமாட்டார் என்பதை இனி விளக்கத் தேவையில்லை.

உள்ளூராட்சியில் 2018-இல் வந்த கலப்பு முறை, வட்டாரத்தில் நேரடியாக 60 வீதம், கட்சிப் பட்டியலில் இருந்து 40 வீதம். வாக்குச் சீட்டு ஒன்றுதான். வட்டார வேட்பாளருக்குப் போடும் புள்ளடியே பட்டியலுக்கும் எண்ணப்படும். வெல்ல வாய்ப்பே இல்லாத வட்டாரத்திலும் சிறு கட்சி ஆள் நிறுத்த வேண்டிவரும். 20 பேர் கொண்ட சபையில் 12 வட்டாரம் என்று வையுங்கள். 40 வீத வாக்கெடுத்த கட்சிக்கு உரித்து 8. அது 12 வட்டாரத்தையும் வென்றால் உரித்துக்கு மேல் நான்கு. மற்றவர்களின் உரித்து 12-ஐயும் கொடுக்க வேண்டும் என்பதால் சபை 24 ஆகப் பெருகும். வட்டாரமெல்லாம் வென்றும் பாதிதான், பெரும்பான்மை இல்லை. நிலையான ஆட்சி என்று சொல்லிக் கொண்டுவந்த முறை தொங்கு சபைகளைப் பெற்றது தற்செயலல்ல. ஏறத்தாழ நாலரை ஆயிரமாக இருந்த உறுப்பினர் தொகையும் எட்டாயிரத்தைத் தாண்டியது.

கட்சிக்கு உள்ளேயும் ஒரு கணக்கு ஓடுகிறது. விருப்பு வாக்கு இருக்கும்வரை, தலைமை ஒதுக்கியவரும் மாவட்டம் முழுக்கச் செலவழித்து மேலே வரலாம். வட்டார முறையில் வேட்புமனுவே வாழ்வு. பட்டியலில் யார் என்பதையும் செயலாளர் எழுதுகிறார். தலைமைகளுக்கு விருப்பு வாக்கின் மீது வரும் அறச்சீற்றத்தில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

மாற்றத்தை ஆதரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தேர்தலையே தள்ளிவைத்தல். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்துக்கு வந்த திருத்தம் பெண்களின் ஒதுக்கீட்டுக்கானதாக உள்ளே போய், குழுநிலையில் கலப்பு முறையாக வெளியே வந்தது. புதிய தொகுதிகளுக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூட ஆதரவின்றித் தோற்றது. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லை இல்லை. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் காலாவதியாகி ஆளுநர்களின் கைக்குப் போயின.