பாஸும் டிரம்ஸும் இல்லாத பியானோ

ஆடி மாதக் கச்சான் காற்றில், பாம்பனிலோ மண்டபத்திலோ உட்கார்ந்து ‘அண்டர்கரண்ட்’ ஜாஸ் ஆல்பத்தை போன் ஸ்பீக்கரில் போட்டால் பாதி கேட்காது. பியானோ பில் எவன்ஸ், கிட்டார் ஜிம் ஹால், 1962-இல் பதிவானது. வேறு ஆளில்லை; அடி ஸ்வரங்களைத் தாங்கும் பெரிய தந்தி வாத்தியமான பாஸும் இல்லை, டிரம்ஸும் இல்லை. கிட்டாரின் அடித்தந்தி 82 ஹெர்ட்ஸ். பியானோ அதற்கும் கீழே இறங்கும். சின்ன ஸ்பீக்கருக்கு அது எட்டாது. சன்னலைச் சாத்திவிட்டு வயர் இயர்போனில் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் கேட்டால், உப்புக்காற்றில் இயர்போனின் செருகு முனை களிம்பேறியிருக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் செருகுங்கள். எண்ணெய் தொட்டுத் துடைக்க வேண்டாம், தூசு ஒட்டும்.

பியானோவும் கிட்டாரும் கார்டு, அதாவது பல ஸ்வரங்களை ஒன்றாகச் சேர்த்து, வாசிக்கிற வாத்தியங்கள்; இரண்டும் நடு ஸ்தாயியிலேயே புழங்கும். இருவரும் சேர்ந்து நிரப்பினால் வெறும் இரைச்சல்தான். அதனால்தான் இந்தச் சேர்க்கை கடினம், அதனால்தான் இந்த ஆல்பம் இவ்வளவு அழகு.

முதல் பாட்டு ‘மை ஃபன்னி வேலன்டைன்’. வழக்கமாக உருக்கமாக, மெதுவாகப் போகிற பாட்டு, இங்கே ஓட்டம். கையில் ஆதி தாளம் போடுங்கள். நாலு எண்ணிக்கை ஒரு பார்; ஓர் ஆவர்த்தனத்துக்கு இரண்டு பார். ஒரு சுற்று 36 பார்: 4, 4, 4, கடைசியில் 6 ஆவர்த்தனம். ஜாஸில் அதிகம் புழங்கும் 32 பார் பழக்கத்தில் எண்ணுகிறவர்கள் அந்தக் கடைசிப் பகுதியில்தான் தவறுவார்கள்.

எவன்ஸ் முன்னின்று ஓடும்போது ஹால் பாருக்கு நாலு தட்டாக, அடக்கி, வறட்டு ஓசையில் தந்தியை மீட்டுகிறார். டிரம்ஸ் வேலை அது. ஹால் முன்னுக்கு வந்ததும் பியானோ ஒதுங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து ஸ்வரம் வைக்கிறது. முதல் தடவை பியானோவை மட்டும் கவனியுங்கள், அடுத்த தடவை கிட்டாரை மட்டும்.

எவன்ஸோடு வாசித்த பாஸ் கலைஞர் ஸ்காட் லாஃபாரோ 1961 ஜூலையில் கார் விபத்தில் இறந்தார், வயது 25. அதன்பின் எவன்ஸ் பல மாதம் பியானோவைத் தொடாமல் இருந்தார். அடுத்த ஆண்டு வந்த இந்த ஆல்பத்தில் பாஸ் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது.

புதிதாகக் கேட்கிறவர்கள் ஜான் லூயிஸ் எழுதிய ‘ஸ்கேட்டிங் இன் சென்ட்ரல் பார்க்’கில் தொடங்கலாம். மூன்று எண்ணிக்கை, நிதான நடை. அதில் யார் கை எப்போது நின்றது என்று பாருங்கள். தட்டுகிறவர் நிறுத்திய பிறகும் உங்கள் விரல் எண்ணிக்கொண்டே இருக்கும்.