வால் பட்டையில் போன நான்கு மாதங்கள்

ஒரே எலி. வாலில் பட்டை கட்டி அளந்த ரத்த அழுத்தம் (சிஸ்டாலிக், அதாவது மேல் அளவு) திங்கட்கிழமை 158, மறுநாள் 203. மருந்து மாறவில்லை, உணவு மாறவில்லை, அளந்த ஆளும் நானேதான். நோட்டில் அந்த இரண்டு எண்களையும் பார்த்தபோதுதான், நான்கு மாதமாக எடுத்த அளவுகளில் எதை நம்புவது என்றே தெரியாத நிலையில் இருக்கிறேன் என்று புரிந்தது. எலிகளின் முதல் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டாவது தொகுதி போன மாதம்தான் முடிந்தது. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக, எங்கெங்கே இடறினேன் என்று எழுதி வைக்கிறேன்.

என் கேள்வி பழைய கேள்விதான். லோசார்டன் போன்ற ரத்த அழுத்த மருந்துகள் சிறுநீரகத்தைக் காப்பது ரத்த அழுத்தத்தை இறக்குவதால் மட்டும்தானா, அதைத் தாண்டியும் ஏதாவது செய்கின்றனவா? ஆறில் ஐந்து பங்கு சிறுநீரகத்தை நீக்கிய எலிகளில் 1986-ல் ஆண்டர்சன், ரென்கே, பிரென்னர் மூவரும் லோசார்டனைப் போலவே ஆஞ்சியோடென்சின் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் எனலாப்ரிலை ஒரு பக்கமும், ரெசர்பின், ஹைட்ராலசின், ஹைட்ரோகுளோரோதயாசைடு கலந்த மும்மருந்தை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார்கள். வெளியே அளந்த அழுத்தம் இரண்டிலும் இறங்கியது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான குளோமெருலஸுக்குள் இருக்கும் அழுத்தமோ எனலாப்ரிலில்தான் இறங்கியது. சிறுநீரகத்தில் விழும் தழும்பும் அதில்தான் குறைந்தது. 1994-ல் கிரிஃபின், பிடானி குழுவினர் அழுத்தத்தை இரவும் பகலும் தானே பதிந்து அனுப்பும் டெலிமெட்ரி கருவியை உடலுக்குள் வைத்து அளந்துவிட்டு வேறு மாதிரி வாதிட்டார்கள்: சேதம் அழுத்தத்தை ஒட்டியே போகிறது, அவ்வப்போது வாலில் எடுக்கும் அளவு அதைத் தவறவிடுகிறது என்று. இந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் ஆய்வைத் தொடங்கினேன். படித்தும் வால் அளவை நம்பினேன். என் எலிகளும் சிறுநீரகத்தைக் குறைத்தவைதான்; லோசார்டன், மும்மருந்து, மருந்தே தராதவை என்று மூன்று குழு.

அதற்கு முன்னால் அனுமதிக் கதை. விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை, எலிகளின் எண்ணிக்கைக்குக் காரணமாக "முந்தைய ஆய்வுகளில் இருந்தபடி" என்று எழுதியிருந்தேன். கணக்கு காட்டச் சொன்னார்கள், நியாயம்தான். இரண்டாவது முறைதான் இன்னும் மனதில் உறுத்துகிறது. கால்நடை மருத்துவர் கையெழுத்து ஒரு பக்கத்தில் விட்டுப்போயிருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து நேரில் போய்க் கேட்டபோது, "அது இல்லாமல் நாங்கள் கூட்டத்தில் வைக்க மாட்டோமே" என்றார் அலுவலக உதவியாளர். கோப்பு அவர் மேசையிலேயேதான் இருந்தது. கொடுக்கும் அன்றே, எதிரிலேயே நின்று, எல்லாப் பக்கமும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்த நிலைக்கு வந்தால் ஓர் எலியை மேலும் துன்பப்பட விடாமல் ஆய்விலிருந்து எடுப்பீர்கள் என்பதையும் எடைக் குறைவு, நடமாட்டம் என்று தெளிவாக எழுதுங்கள்.

அந்தக் கையெழுத்துக்காகப் போனதில் ஒரு நன்மையும் கிடைத்தது. அறுவைக்குப் பிறகு வலிக்கு மெலாக்சிகாம் என்று எழுதியிருந்தேன். கால்நடை மருத்துவர் அதை அடித்துவிட்டு பியூப்ரெனார்ஃபின் என்று மாற்றினார். மெலாக்சிகாம் வகை மருந்துகள் ரத்தக்குழாய்களை விரிய வைக்கும் புராஸ்டகிளாண்டினைத் தடுத்துச் சிறுநீரக ரத்த ஓட்டத்தையே பாதிக்கும். சிறுநீரகப் பாதுகாப்பை அளக்கும் ஆய்வில் அது எவ்வளவு பெரிய குழப்பம்! எனக்குத் தோன்றவே இல்லை.

அறுவை இரண்டு தொகுதியிலும் நன்றாகவே போனது. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: மீதிச் சிறுநீரகத்தின் தமனிக் கிளைகளைக் கட்டினால் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும், முனைகளை வெட்டி எடுத்தால் அந்த அளவுக்கு ஏறாது. இரண்டையும் ஒரே ஆய்வில் கலந்துவிடாதீர்கள்.

சரி, வால் பட்டை. எலியைக் குழாய்க்குள் அடைத்து, வாலைச் சூடாக்கி, பட்டையை இறுக்கி அளப்பது. பயந்த எலியின் அழுத்தம் எகிறும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் மூன்று நாள் பழக்கினேன், போதும் என்று நினைத்தேன். ஆனால் சில நாள் எண்கள் அமைதியாக இருந்தன, சில நாள் தாறுமாறாக ஏறின. கருவியைக் கழற்றி மாட்டினேன், பட்டையை மாற்றினேன், சூட்டைக் கூட்டிக் குறைத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. கடைசியில் காரணத்தைச் சொன்னவர் எலிகளைப் பராமரிக்கும் அண்ணன். "தம்பி, பக்கத்து ரூம்ல கூண்டு கழுவுற மெஷின் ஓடுற நாளாப் பார்த்து அளக்குறீங்களே?" என்றார். கதவை மூடினால் நமக்கு அங்கே பெரிதாக எதுவும் கேட்காது. ஆனால் நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலிகளும் எலிக்குக் கேட்கும். நோட்டை எடுத்து நாட்களை ஒப்பிட்டேன். 203 வந்த செவ்வாய்க்கிழமை கழுவும் நாள்.

இரண்டாவது தொகுதியில் அளவெடுக்கும் இடத்தை வேறு அறைக்கு மாற்றினேன். பத்து நாள் பழக்கம், தினமும் ஒரே நேரம், ஒரே ஆள். வால் 32 முதல் 35 டிகிரிக்குள். முதல் ஐந்து அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்புறம், கைடிடம் வாதாடி ஒவ்வொரு குழுவிலும் ஆறு எலிகளுக்கு டெலிமெட்ரி கருவி வைத்தேன். வைக்கிறவர்கள், தமனிக்குள் போகும் அதன் மெல்லிய குழாயின் நுனி சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே நிற்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பாருங்கள். மேலே போனால் நீங்களே ரத்த ஓட்டத்தை மறிக்கிறீர்கள்.

முதல் இரவின் பதிவைப் பார்த்தபோது இத்தனை அலைச்சலும் வீண்போகவில்லை என்று தோன்றியது. எலி இரவில் விழித்திருக்கும் உயிர். நாம் பகலில், அது ஓய்வெடுக்கும் நேரத்தில் வாலைப் பிடிக்கிறோம். மும்மருந்துக் குழுவுக்கும் லோசார்டன் குழுவுக்கும் வால் அளவில் வித்தியாசமே தெரியவில்லை. டெலிமெட்ரியில் மும்மருந்துக் குழுவின் அழுத்தம் இரவு முழுக்க மேலேயே நின்றது.

மருந்தைக் குடிதண்ணீரில் கலந்து கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சிறுநீரகம் குறைந்த எலி சிறுநீரைச் செறிவாக்க முடியாமல் நிறையக் கழிக்கும், அதனால் நிறையக் குடிக்கும். ஒரே செறிவில் கலந்து வைத்தால் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று நீங்கள் எழுதிய கணக்கு வாரத்துக்கு வாரம் மாறிவிடும். முதல் தொகுதியில் இதையும் கோட்டைவிட்டேன். இப்போது வாரம் இரண்டு முறை பாட்டிலையும் எலியையும் எடை போட்டுச் செறிவை மாற்றுகிறேன்.

சிறுநீர்ப் புரதம் திடீரென்று இரு மடங்கானால் மருந்தைச் சந்தேகிக்கும் முன் மெட்டபாலிக் கூண்டின் (சிறுநீரைத் தனியாகச் சேகரிக்கும் கூண்டு) புனலைப் பாருங்கள். தீவனத் தூள் சிறுநீரில் விழுந்தாலே போதும். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினை அளக்க, நிறமாற்றத்தை வைத்துக் கணிக்கும் ஜாஃபே முறை வேண்டாம்; எலியின் ரத்தத்தில் வேறு பொருட்களும் அதே நிறத்தைத் தரும். என்சைம் முறைக்கு மாறினேன், பிரச்சினை தீர்ந்தது.

தழும்பை எண்ணும்போது எந்த ஸ்லைடு எந்தக் குழு என்று எனக்குத் தெரியாதபடி இன்னொருவர் குறியீடு போட்டுக் கொடுத்தார். எண்ணி முடித்துக் குறியீட்டைப் பிரித்த அன்று, லோசார்டன் குழுவில் தழும்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. சந்தோஷத்தில் கை நடுங்கியது. பிறகு டெலிமெட்ரி அழுத்தத்தை ஓர் அச்சிலும் தழும்பை மறு அச்சிலும் வைத்துப் புள்ளிகளை இட்டேன். மும்மருந்து, லோசார்டன், மருந்தே தராதவை, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்தன. அதாவது அழுத்தம் குறைந்த அளவுக்கே தழும்பும் குறைந்திருந்தது. குழுவுக்கு ஆறு எலிகளை வைத்து அந்தப் பழைய வாதத்தை முடித்துவிட முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் என் அத்தியாயத் தலைப்பில் இருந்த "அழுத்தத்தைச் சாராத பாதுகாப்பு" என்ற சொற்களை அன்றே அடித்துவிட்டேன்.

முதல் தொகுதியின் அளவுகளை விட்டுவிடலாம் என்றார் கைடு. நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த எலிகளும் உயிரைக் கொடுத்திருக்கின்றன. கழுவும் நாட்களைக் குறித்து, எதை ஏன் ஒதுக்கினேன் என்ற விளக்கத்தோடு, முழு அட்டவணையையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டேன்.