ஒரே வீட்டில் மூன்று வாக்குமூலம்

இங்கிலாந்தில் பள்ளி ஆய்வுக்கு ஆஃப்ஸ்டெட் என்ற அரசு ஆய்வு அமைப்புக்காரர்கள் மாதக் கணக்கில் முன்னறிவிப்பு கொடுப்பதில்லை. வழக்கமாக முந்தின நாள் தலைமையாசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, அவ்வளவுதான். 2023இல் எங்கள் பையனின் பள்ளிக்கு அந்த அழைப்பு வந்த மாலையே பெற்றோருக்குக் கடிதம் வந்துவிட்டது. உள்ளே ‘பேரன்ட் வியூ’ என்ற இணையப் படிவத்தின் விவரம். அதே பள்ளியில் மதிய இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் எனக்கு இருந்ததால், ஊழியர் படிவமும் வந்து சேர்ந்தது.

பெற்றோர் படிவத்தில் அப்போது 14 கேள்விகள். பிள்ளை சந்தோஷமாக இருக்கிறதா, பாதுகாப்பாக உணர்கிறதா என்று போகும். ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன், தெரியாது என்று டிக் அடித்தால் போதும். மளமளவென்று அடித்துக்கொண்டே வந்தவள், சொன்ன குறையைப் பள்ளி முறையாகக் கவனித்ததா என்ற கேள்வியில் நின்றுவிட்டேன்.

கழிப்பறை வாசல்தான் என் குறை. கதவு வெளிப்பக்கம் திறக்கும். பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொண்டால் உள்ளே இருக்கும் சின்னது வெளியே வர முடியாது. மைதானத்தில் நிற்கும் எங்கள் கண்ணுக்கு அந்த மூலை படாது. இரண்டு தடவை சொல்லியிருந்தேன். “பார்க்கிறோம்” என்றார்கள்.

ஆய்வு நடக்கும்போது மட்டும் அந்தப் படிவத்தில் சொந்தமாக எழுத ஒரு பெட்டி இருக்கும். முதலில் நான் எழுதியது வெறும் பொருமல், அதுவும் பிள்ளைகளின் பெயரோடு. அப்புறம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, எந்த இடம், எந்த நேரம், எத்தனை தடவை சொன்னேன் என்று நான்கு வரியில் முடித்தேன். ஊழியர் படிவத்திலும் அதையேதான் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான்தான் கேள்விகளைத் தமிழில் சொல்லி நிரப்பிக் கொடுத்தேன். “எல்லாத்துக்கும் நல்லதுன்னே போட்டுடும்மா, நாளைக்கு டீச்சர் பிள்ளையைக் கோபிச்சுக்கக் கூடாது” என்றார். வெளியே தெரிவது மொத்தக் கணக்கு மட்டும்தான், அதுவும் குறைந்தது பத்துப் பேராவது பதில் போட்டிருந்தால்தான் என்று சொல்லியும் அவர் நம்பவில்லை. சரி, அவர் சொன்னபடியே அடித்தேன். அது அவருடைய கருத்துதானே.

இரண்டாம் நாள் சாப்பிடும்போது பையன் தானாகவே ஆரம்பித்தான். ஆய்வாளர் ஒருவர் நான்கு பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாராம். கூட டீச்சர் யாரும் இல்லை. “எங்க போகப் பிடிக்காதுன்னு கேட்டாங்க. டாய்லெட்னு சொன்னோம். நாலு பேருமே.” நான் அரைமணி நேரம் அழித்து அழித்து எழுதியதை அவன் ஒரே சொல்லில் முடித்திருந்தான்.

சில வாரம் கழித்து அறிக்கை வந்தது. பெற்றோர், ஊழியர், மாணவர் கருத்துகளைப் பார்த்தோம் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. கழிப்பறை என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் ஆய்வு முடிந்த மறுவாரமே பணிப்பட்டியலில் அந்த வாசலுக்கு ஓர் ஆள் போட்டுவிட்டார்கள். என்னைத்தான்.